மலையகத்தில் மூப்பும் மறதியும்: பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முதுமைக்கு வரலாறு உண்டா என்ற வினா முதற்பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றலாம். பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்பன மனிதருக்கு இயற்கை விதித்தவை என்றும், ஆண்டானுக்கும் அடிமைக்கும் அவை பொதுவானவை என்றும் நமது பழைய அறநூல்கள் திரும்பத் திரும்ப உரைத்து வந்துள்ளன. ஆயின், ஒரு சமுதாயத்திலே மூப்பெய்தும் வாய்ப்பு யாருக்குக் கிட்டுகிறது, மூப்பிலே எந்நோய் யாரை எத்துணை விரைவாக வீழ்த்துகிறது என்பன இயற்கையால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவன அல்ல. 1848ஆம் ஆண்டிலே மேல் சைலீசியாவிற் பரவிய காய்ச்சலை ஆராயச் சென்ற ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ப் விர்ஷோ, நோயின் வேரை நுண்ணோக்கியின் கீழ் மட்டுமன்றி அப்பகுதி மக்களின் வறுமையிலும் கல்வியின்மையிலும் கண்டார். அந்நோக்கு காய்ச்சலுக்கு மட்டும் உரியதன்று. மூளையைப் பற்றும் முதுமைக்கால நோய்களுக்கும் அது பொருந்தும் என்பதை மலையகத்தின் ஒரு பள்ளத்தாக்கைக் கொண்டு ஆராய்வதே நமது நோக்கம்.

டிமென்சியா என மருத்துவர் வழங்கும் நோயைத் தமிழிலே மறதிநோய் என்றும் முதுமை மறதி என்றும் எழுதுகின்றனர். யாழ்ப்பாணத்தார் பேச்சிலே 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். தோட்டங்களிலோ 'புத்தி பேதலிச்சிருச்சு' என்பார்கள். அதைவிடப் பெருவழக்கு, 'வயசாச்சுல்ல' என்ற ஒரே சொல். இச்சொல்லிலே பரிவு உண்டு. ஆனால் நோயை நோயென்று அது அறிவதில்லை. வயதுக்கு மருந்தில்லை என்று கருதும் குடும்பம் மருந்தகத்தை நாடாது. மறதி என்ற பெயரும் முழுப்பொருத்தமுடையதன்று என்பதை இவ்விடத்திலே கூறுதல் வேண்டும். நினைவு மாத்திரமன்றி, மொழி, திசையறிவு, கணிப்பு, நடத்தை என்பன யாவும் படிப்படியாகச் சிதைந்து, ஈற்றிலே அன்றாடக் காரியங்களுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை உண்டாவதே இந்நோயின் இயல்பு. 1906இலே அலோய்ஸ் அல்ஸைமர் ஒரு பெண் நோயாளியின் மூளையை ஆராய்ந்து விவரித்த வகையே இவற்றுட் பெரும்பான்மையானது. மூளையின் குருதிக்குழாய்கள் பழுதுறுவதால் விளையும் வகை அதற்கு அடுத்தது. இரண்டும் கலந்து வருவது முதியோரிடையே சாதாரணம்.

லான்செற் மருத்துவச் சஞ்சிகை அமைத்த ஆணைக்குழு, மாற்றியமைக்கக்கூடிய ஆபத்துக் காரணிகள் என்று 2017இல் ஒன்பதையும் 2020இற் பன்னிரண்டையும் 2024இற் பதினான்கையும் வகுத்துரைத்தது. இளமையிற் கல்வியின்மை, கேட்டற் குறைபாடு, பார்வைக் குறைபாடு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, உடற்பருமன், தீய கொழுப்பு, புகைத்தல், மிகு மது, தலைக்காயம், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, மாசுற்ற காற்று என்பனவே அவை. இவை அனைத்தும் நீங்குமாயின் உலகிலே தோன்றும் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ பிற்போடவோ இயலலாம் என்பது அவ்வாணைக்குழுவின் மதிப்பீடு. எஞ்சியதிலே வயதுக்கும் மரபுக்கும் பெரும்பங்குண்டு. அவை வர்க்கம் பார்ப்பதில்லை. இதனை மறைத்து எல்லாவற்றையும் பொருளாதாரத்தின் தலையிற் கட்டுவது விஞ்ஞானமாகாது, மார்க்சியமும் ஆகாது.

நோய் தோன்றுவதற்கான காரணி வேறு, தோன்றிய நோய் விரைந்து முற்றுவதற்கான காரணி வேறு. சில காரணிகள் இரண்டிலும் பங்குகொள்வன. கட்டுப்பாடற்ற குருதியமுக்கம், நீரிழிவு, சிறு சிறு பக்கவாதங்கள் என்பன அத்தகையன. வேறு சில, நோயுற்றவரைப் படுக்கையை நோக்கித் தள்ளுவதிலே தனிப்பங்கு வகிப்பன: கிருமித்தொற்றின்போது உண்டாகும் திடீர்ச் சித்தக்குழப்பம், வீழ்ந்து இடுப்பெலும்பு முறிதல், ஊட்டக்குறைவு, கவனியாது விடப்பட்ட மனச்சோர்வு, மூளையை மந்தப்படுத்தும் மருந்துகளைக் கண்டபடி கொடுத்தல், பேச்சுத்துணையின்மை. பட்டியலைப் படிப்போர் இவற்றைத் தனிமனிதரின் பழக்கவழக்கங்களாகவே கருதிவிடுவர். படித்தார், படிக்கவில்லை, குடித்தார், குடிக்கவில்லை என்றவாறு. தோட்டத்தின் வரலாற்றை அருகில் வைத்துப் படிப்பவருக்கோ, அப்பட்டியலின் பல வரிகள் ஒரு குறிப்பிட்ட உற்பத்திமுறையின் கணக்கேடு போன்று தோன்றும்.

பொகவந்தலாவை, கெஹெல்கமு ஓயாவின் மேற்பள்ளத்தாக்கிலே நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. அவ்வாறு கீழிறங்கிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகிறது. தேயிலை வணிகர் இப்பகுதியைப் 'பொன் பள்ளத்தாக்கு' என்பர். பொன் யாருக்கு என்பதை அப்பெயர் சொல்வதில்லை. கொட்டியாகலை, பொகவான என்ற உள்ளூர்ப் பெயர்களுடன் கெம்பியன், பிரிட்வெல், பெற்றசோ, கெர்க்கஸ்வோல்ட் என்பனவும் இங்கு வழங்குகின்றன. பின்னிரண்டும் ஸ்கொட்லாந்து ஊர்களை நினைந்து துரைமார் இட்ட பெயர்கள். தாம் விட்டுவந்த ஊரின் நினைவை மலைமேல் எழுதிவைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. 1879இல் மறைந்த புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனின் கல்லறை பொகவந்தலாவையின் புனித மரியாள் தேவாலய முற்றத்திலே உள்ளது. அவர் இலங்கையில் எடுத்த படங்களிலே தோன்றும் உழைக்கும் மக்களின் பெயர்களோ பெரும்பாலும் பதிவுபெறவில்லை.

1869இலே தலைகாட்டிய இலைநோயாற் கோப்பி அழிந்து, 1880களில் மலைகள் தேயிலையாயின. 1884இலே புகையிரதம் அட்டனை எட்டியது. கோப்பிக்குப் பருவகாலத்து ஆட்கள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகக் குடியமர்த்தப்பட்ட தொழிலாளர் கூட்டம் உருவாயிற்று. ஆயினும் நெடுங்காலத்துக்கு அங்கே முதியோர் என்ற பிரிவு அரிதாகவே இருந்தது. 1920களின் தொடக்கத்திலே இலங்கை மக்களின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பே முப்பது சொச்சம் ஆண்டுகள் என்பதை நினைவிற் கொள்ளல் தகும். மலேரியாவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் தப்பி மூப்பெய்தியோருட் பலர் கடைசிக் காலத்தில் தென்னாட்டுக் கிராமத்துக்குத் திரும்பினர். உழைப்பைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. முதுமையை ஊர் ஏற்றுக்கொண்டது. முதுமையின் செலவு இவ்வாறு கடலுக்கு அப்பாலுள்ள ஏழை உழவர் குடும்பங்கள்மீது சுமத்தப்பட்டமை தோட்ட முதலாளியத்தின் இலாபக் கணக்கிலே எழுதப்படாத ஒரு வரவாகும். லயத்திலேயே பிறந்து, லயத்திலேயே உழைத்து, லயத்திலேயே மூத்து மறதியுறும் தலைமுறை வரலாற்று நோக்கிற் புதியது.

இன்று எழுபத்தைந்தைக் கடந்த ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1950 அளவில். அவர் பிறக்குமுன்னரே இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்துவிட்டது. 1945இல் வந்த அச்சீர்திருத்தத்தின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதற் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டிருந்தது. வருங்காலக் கூலியாளுக்கு எவ்வளவு எழுத்துத் தேவை என்று தீர்மானிக்கும் அதிகாரம் கூலி கொடுப்பவரிடமே இருந்தமையை நோக்குக. ஒற்றை ஆசிரியர், ஒற்றைக் கட்டடம், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி என்பதே நடைமுறை. அதிலும் பெண்பிள்ளை, தாய் மலைக்குப் போனபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டாள். பின் 'பேர் பதிந்து' கூடை சுமந்தாள். அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலே. அதற்குள் நம் மூதாட்டி பிள்ளை பெற்றுவிட்டார்.

இளமைக் கல்வி மூளைக்கு ஒருவகைச் சேமிப்பை அளிக்கிறது என்பது நரம்பியலாளர் பலரின் கருத்து. மூளையிலே நோய்த்தடங்கள் ஒரே அளவினவாக இருப்பினும், கல்வி பெற்றோரிடத்து அறிகுறிகள் பிந்தியே வெளிப்படுகின்றன. இவ்விடத்தில் ஒரு முரணையும் குறிப்பிடவேண்டும். கற்றோரிடம் நோய் ஒருமுறை வெளிப்பட்டதும் அது விரைந்து முற்றுவதாக நியூயோர்க் நகரில் நடந்த ஆய்வுகள் கண்டுள்ளன. சேமிப்பு நீடிக்கும்வரை வறுமை தெரியாது. தீர்ந்ததும் ஒரேயடியாக வீழ்ச்சி. இதனைக் கொண்டு, கல்லாமை நோயின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தும் என்று எவரேனும் வாதிப்பாராயின் அது கணக்கை ஒருபக்கம் மட்டும் பார்ப்பதாகும். கல்லாதவர் இழந்தவை நோயற்ற ஆண்டுகள். அவை நோய்க்குப் பிந்திய வேகக் குறைவால் ஈடாவதில்லை.

சேமிப்பு என்பது ஏட்டுக் கல்வி மாத்திரந்தானா? இலக்கிய மாணாக்கர் என்ற முறையில் நாம் சற்று நின்று நோக்கவேண்டிய வினா இது. 1986இல் டேவிட் ஸ்னோடன் அமெரிக்காவிலே கன்னியாஸ்திரிகளிடையே தொடங்கிய ஆய்வு பிரசித்தமானது. மடத்திற் சேர்ந்த காலத்தில், ஏறத்தாழ இருபத்திரண்டு வயதில், அவர்கள் எழுதிய சிறு தன்வரலாறுகளை எடுத்து, வாக்கியங்களின் கருத்துச்செறிவை அளந்தனர். செறிவு குறைந்த நடையில் எழுதியோரிடமே அறுபது ஆண்டு கழித்து மறதிநோய் மிகுந்து காணப்பட்டது என்று 1996இல் வெளியான கட்டுரை கூறியது. இளமையின் மொழிவளத்துக்கும் முதுமையின் நினைவுக்கும் இத்தகைய தொடர்பிருப்பது வியப்புக்குரியதே. ஆனால் பொகவந்தலாவையில் அதே ஆய்வைச் செய்ய முனைவோமாயின் எந்த ஏட்டை எடுப்பது? நமது மூதாட்டியின் இருபத்திரண்டாம் வயதின் எழுத்தாக எஞ்சியிருக்கக்கூடியது சம்பளப் புத்தகத்திலே பதித்த பெருவிரலடையாளம்.

எழுத்து இல்லாமையாற் சொல்வளம் இல்லை என்றாகாது. அதே மூதாட்டி இழவு வீட்டிலே, இறந்தவருக்கும் தமக்கும் உள்ள உறவு, அவர் உழைத்த மலை, பட்ட கடன், கண்ட கனவு யாவற்றையும் கோத்து, அந்தக் கணமே ஒப்பாரி கட்டிப் பாடியவராக இருக்கலாம். மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் பல இரவுகளுக்கு நீளும் பாடங்கள். ஏடறியாதோர் பலர் அவற்றை நெஞ்சிலே சுமந்தனர். மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி 1980களின் தொடக்கத்தில் நூலாக்கியபோது, அச்செறிவின் ஒரு துளி அச்சேறியது. இவ்வாய்மொழிப் பயிற்சி மூளைக்குப் பள்ளிக்கூடம் அளித்த காப்பை அளித்திருக்குமா என்பது திறந்த வினா. காப்பளித்தது என்று கூறி மகிழ்வது நாட்டார் வழக்காற்றியலாருக்கு உவப்பாக இருக்கும். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டமைக்கு அதனை ஆறுதலாக்கிவிடக்கூடாது என்பதே நமது கவலை.

இதனோடு நெருங்கிய தொடர்புடையது சோதனைமுறை பற்றிய சிக்கல். 1975இல் அமெரிக்காவில் உருவான சிறு உளநிலைச் சோதனை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. இன்றைய திகதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள் என்பன அதன் வினாக்கள். பென்சில் பிடித்தறியாத கையிடம் ஐங்கோணம் கேட்பது நினைவைச் சோதிப்பதாகாது, பள்ளிக்கூடத்தைச் சோதிப்பதாகும். மறுதலையாக, ஆடிக்கும் தைக்கும் இடையே எத்தனை முறை எந்த மலை கொழுந்துக்கு வரும், எந்த மலையை எப்போது கவ்வாத்து வெட்டினார்கள், நேற்று நிறுவையில் எத்தனை கிலோ வெட்டிக் கழித்தார்கள் என்று கேட்டால் அவர் தயங்காது சொல்வார். சோதனைத் தாளோ அதைக் கேட்பதில்லை. விளைவு இருமுனைப்பட்டது. நோயற்றவர் நோயாளியாகக் கணிக்கப்படுவார். அல்லது, 'இவர்கள் எப்போதுமே இப்படித்தான்' என்ற எண்ணத்தால் உண்மை நோயாளி கணக்கில் எடுக்கப்படாது போவார்; இரண்டாவதே பெருந்தீங்கு, ஏனெனில் நோய் அதற்குள் முற்றிவிடும்.

இச்சிக்கலை ஆய்வாளர் உணராமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்கென எழுத்தறியாதோருக்கு ஏற்ற இந்திச் சோதனை 1995இல் வெளியிடப்பட்டது. மறதிநோயாளரில் மூன்றில் இரு பங்கினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வுகளிற் பத்தில் ஒரு பங்கும் அவர்களைப் பற்றியதன்று என்ற அநீதியையே தன் பெயராகக் கொண்ட 10/66 ஆய்வுக்குழு 1998இல் தோன்றியது. சென்னையும் வேலூரும் அதன் களங்களாயின. முதியவரைச் சோதிப்பதோடு, அவரை அறிந்த உறவினரிடம் 'முன்பு செய்ததை இப்போது செய்கிறாரா' என்று விசாரிக்கும் அதன் முறை கல்வியின்மையால் விளையும் பிழையைப் பெரிதும் குறைத்தது. சென்னைக்குத் தெற்கேயுள்ள திருப்போரூர்க் கிராமப்புறத்தில் 1990களில் நடந்த கணக்கெடுப்பு அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் 3.5 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. இலங்கையில் சிங்களத்துக்கு ஏற்ப அமைத்த சோதனை 2002இல் வெளியாயிற்று. ராகமைப் பகுதியில் நடந்த ஆய்வு 2003இலே அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் 3.98 சதவீதம் என்று அறிவித்தது. ராகமை கொழும்பின் அயல். அவ்வெண்ணை அப்படியே மலைக்கு ஏற்றிவிடுவது, மலையகத்தை மறந்துவிடும் பழைய பழக்கத்தின் இன்னொரு வடிவமேயாகும்.

உடல்சார்ந்த காரணிகளைச் சுருக்கமாகவே நோக்குவோம். அவை தோட்டத்தை அறிந்தோர்க்குப் புதியன அல்ல. கோதுமை மா ரொட்டி, உப்பு மிகுந்த சம்பல், கருவாடு, சீனியிட்ட தேநீர் என்ற உணவு கூலியின் அளவாலும் கூட்டுறவுக் கடையின் இருப்பாலும் தீர்மானிக்கப்பட்டது. அதனோடு குருதியமுக்கமும் நீரிழிவும் வந்தமை எதிர்பார்க்கத்தக்கதே. காம்பராவின் ஒரு மூலையிலே விறகடுப்பு. புகைபோக்கி இல்லாத கூரையின் கீழ் ஐம்பது ஆண்டுக் காலம் அப்புகையை உட்கொண்டவர் சிகரெட்டைத் தொட்டிராவிட்டாலும் புகை அறியாதவர் அல்லர். சாராயக் குத்தகை குடியேற்ற ஆட்சியின் வருமான ஊற்றாக விளங்கியது. உடல்நோவுக்கு மருந்தாகவும் சம்பள நாளின் ஒரே களிப்பாகவும் மது தொழிலாளரிடம் வந்து சேர்ந்தது. தொழிற்சாலையின் உருளைகளுக்கிடையே வாழ்நாளைக் கழித்த ஆண்களின் செவிகள் மந்தமாகின. மழையில் வழுக்கும் மலைச்சரிவிலே, முதுகிற் கூடையோடு வீழ்ந்து தலையடிபட்டோரின் தொகை எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக இல்லை.

பட்டியலில் ஒன்று மாத்திரம் தோட்டத்துக்குப் பொருந்தாதது போல் தோன்றும். உடலுழைப்பின்மை என்பதைக் கொழுந்தெடுப்பவரிடம் கூறினால் அவர் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்புக்கும் எல்லை உண்டு. அறுபதிலே பேர் வெட்டப்படுகிறது. அதுவரை நாளெல்லாம் ஏறியிறங்கிய உடல் மறுநாள் முதல் இஸ்தோப்பில் அமர்கிறது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் 1983இன் சேவைக்காலப் பணச் சட்டமும் ஒரு மொத்தத் தொகையைக் கையில் வைக்கின்றன. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் இல்லை. அத்தொகை பெரும்பாலும் மகளின் கலியாணத்தோடும் பழைய கடனோடும் கரைந்துவிடும். பணமும் வேலையும் பெரட்டுக்களத்துப் பேச்சும் ஒரே மாதத்தில் அற்றுப்போகும் இவ்வாழ்வுமுறிவு மனச்சோர்வை விளைப்பதிலும், மனச்சோர்வு நோயை விரைவுபடுத்துவதிலும் வியப்பில்லை.

தனிமை என்ற காரணியே இம்மலைகளில் வரலாற்றுச் சுமை மிகுந்தது. லயத்திலே தனிமையா என்று கேட்கலாம். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் இருமல் கேட்கும் இடம் அது. ஆயின் நம் மூதாட்டி பிறப்பதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய பெற்றோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தாற் குடியுரிமையற்றோராயினர். அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழாண்டு, திருமணமாகாதோராயிற் பத்தாண்டு, இடையறாது வாழ்ந்தமையை நிரூபிக்கவேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத, எழுத்தறியாத மக்களிடம் அரசு ஆவணங்களாலான நினைவைக் கேட்டது. சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ 134,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. எழுத்திலே இல்லாத நினைவு நினைவாகாது என்ற விதி, மருத்துவச் சோதனைத் தாளுக்கு முன்னரே குடியுரிமை அலுவலகத்தில் இம்மக்கள்மீது பிரயோகிக்கப்பட்டது.

1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேர் 1974இலே சரிபாதியாகப் பகிரப்பட்டனர். பங்கீடு தலைகளை எண்ணியது, உறவுகளை எண்ணவில்லை. அண்ணன் நீலகிரிக்கு, தங்கை கொட்டியாகலையில். தாய்க்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகனுக்கு இலங்கைப் பிரசாவுரிமை. தலைமன்னாரை நோக்கிய புகைவண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்தது. 1984இற் கப்பற் சேவை நின்றபோது போக வேண்டியோர் பலர் போகாமலே இருந்தனர். அவர்களுக்கு முழுமையான குடியுரிமைத் தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. மறதிநோயுற்றோரிடம் அண்மை நினைவு முதலில் அழிந்து, பழைய நினைவுகள் பிந்தி அழிவது பொது இயல்பு. அக்காரணத்தால் மலையகத்து நோயாளி திரும்பிச் செல்வது பெரும்பாலும் அந்தப் பிரிவின் காலத்துக்கே. கோச்சிக்கு நேரமாயிற்று என்று இரவில் துணிமூட்டை கட்டும் முதியவரைப் பித்தர் என்பது எளிது. அவருடைய மனம் போய் நிற்கும் இடம் நாட்டு வரலாற்றிலே உண்மையாக இருந்த ஒரு புகையிரத நிலையம்.

இன்றைய தனிமை வேறு வகையானது. மகன் கொழும்பிலே கடையில், மகள் மத்திய கிழக்கில் வீட்டுப்பணியில், இருப்போர் பேரப்பிள்ளைகள். இதன் மருத்துவப் பொருளை அளப்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் காஷ் மாவட்ட ஆய்வு உதவுகிறது. அல்ஸைமர் நோயாளருக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் இடையே நெருக்கம் மிக்கிருந்த குடும்பங்களில் நோய் மெதுவாக முற்றியது என்று 2009இல் அவ்வாய்வு வெளியிட்டது. நெருக்கம் என்பது உணர்ச்சி மட்டுமன்று. அது ஒருவர் வீட்டிலிருக்க இயலுவதைப் பொறுத்தது. அது கூலியைப் பொறுத்தது. லயம் இங்கு ஒரு விந்தையான பங்கை வகிக்கிறது. கட்டுப்படுத்தவும் எண்ணிக் கணக்கெடுக்கவும் கட்டப்பட்ட அந்நெடுங்கட்டடமே, வழிதவறும் முதியவரை யாரோ ஒருவர் கண்டு கைப்பிடித்து அழைத்துவரவும் இடமளிக்கிறது. தோட்டத்திற் பெயர் பதிந்தவர் குடும்பத்தில் எவருமில்லையாயின் அக்காம்பராவும் நிலையற்றதாகிவிடுகிறது. இடமாற்றம் இந்நோயாளரைத் திசைதடுமாறச் செய்யும் என்பதை வைத்து நோக்கினால், வீட்டுரிமை நோயின் போக்கைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று என்று கூறுவதிலே மிகையில்லை. லான்செற் பட்டியலில் அது இல்லை.

மருத்துவ அமைப்பின் வரலாறும் இதற்குத் துணைசெய்யவில்லை. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் முதல் தோட்ட மருத்துவம் என்பது வீழ்ந்த தொழிலாளியை மீண்டும் பெரட்டுக்கு அனுப்புவதற்கான ஏற்பாடாகவே வளர்ந்தது. காய்ச்சல், வயிற்றோட்டம், காயம், பிரசவம் என்பனவே அதன் எல்லை. பெரட்டுக்குத் திரும்பமாட்டாத ஒருவரின் நாட்பட்ட நோய்க்கு அதில் இடமில்லை. இன்று பொகவந்தலாவையில் அரசாங்க வைத்தியசாலை உண்டு. 150 கட்டில்களுடன் இந்திய உதவியால் எழுந்த டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. எனினும் கிளினிக் நாளில் அதிகாலை மேற்பிரிவிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று மருந்து வாங்கி வருவதற்கு நினைவுள்ளவருக்கே ஒரு நாள் வேண்டும். அமுக்க மாத்திரை தீர்ந்த நாளை நினைவில் வைத்திருப்பதே நோயாளிக்கு இயலாத காரியம். மொழியும் ஒரு தடையே. இளமையிற் கற்ற முதன்மொழியே இந்நோயில் நெடுநாள் நிலைப்பது. பிந்திக் கற்ற சிங்களம் முன்னரே கழன்றுவிடுகிறது. சிங்களத்தில் மட்டும் வினவும் மருத்துவருக்கு விடை கிடைப்பதில்லை. சளிக்காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ பற்றி, ஒரே இரவிற் பிதற்றத் தொடங்கும் முதியவரை 'வயசாச்சுல்ல' என்று வீட்டில் வைத்துவிடும்போது, குணப்படுத்தக்கூடிய குழப்பம் குணப்படுத்தமுடியாத சரிவாக மாறுகிறது. நோய் முற்றுவதற்கான காரணிகளிலே மிகக் குறைந்த செலவில் தடுக்கக்கூடியது இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இவை யாவும் கடந்த தலைமுறையோடு முடிந்தனவல்ல. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரணங்கள் அதிகரித்தன. கொல்லைக் கிழங்கும் இலைகுழையும் உண்டு உயிர்பிழைத்த காலம் அது. அப்போது கருவுற்றிருந்த தாய்மாரின் பிள்ளைகள் இப்போது ஐம்பதைத் தாண்டியுள்ளனர். 1944–45 குளிர்காலத்து ஒல்லாந்துப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தோரை அவர்களது ஐம்பதுகளின் பிற்பகுதியிற் சோதித்தபோது, கவனத்தை அளக்கும் ஒரு சோதனையில் அவர்கள் பிந்தங்கியமை 2010இல் அறிவிக்கப்பட்டது. ஒல்லாந்தின் பஞ்சம் சில மாதங்கள். தோட்டத்தின் குறையுணவு தலைமுறைகள். 1974இன் குழந்தைகள் 2030களிலும் 2040களிலும் முதியோராவர்.

பின்லாந்திலே 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடம் இரண்டாண்டு நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. உணவுத்திருத்தம், உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, குருதியமுக்கம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்து அளித்தவரிடம் அறிதிறன் ஓரளவு மேம்பட்டு நின்றது. பின்லாந்தின் வசதிகளைப் பொகவந்தலாவைக்கு எதிர்பார்ப்பது நகைப்புக்கிடம். ஆயினும் அவற்றுள் ஒன்றுக்கு வசதி எதுவும் வேண்டியதில்லை. உயர் குருதியமுக்கம் மூளைக்கு இழைக்கும் தீங்கு நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் தொடங்குவது. அந்த வயதினர் இன்னும் பேர் பதிந்த தொழிலாளர். காலைதோறும் பெரட்டுக்களத்தில் ஓரிடத்திற் கூடுபவர். அமுக்கமானி ஒன்றும், அதனைப் பயன்படுத்தப் பயின்ற ஒருவரும், தமிழில் எழுதிய ஓர் அட்டையும், அட்டையைப் படிக்க வல்ல பேரப்பிள்ளையும் அதற்குப் போதும். அவ்வாறு அளந்து செலவிடும் பத்து நிமிடத்துக்கும் அன்றைய கொழுந்தின் நிறையைக் குறைக்காது கூலி வழங்கப்படுமா என்பது தொழிற்சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சிலே எழுப்பக்கூடிய கேள்வி.